குட்டையில் ஸ்கூபா பழகுகிறீர்களா? தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள்

கடல் கலங்கிக் கிடக்கும் மாதங்களில் புதுச்சேரிப் பக்கம் ஸ்கூபா பழகுகிறவர்கள் கல்குவாரிக் குட்டையையும் பெரிய பாசனக் கிணற்றையும் தேடிப் போகிறார்கள். எனக்குத் தண்ணீர்ப் பரிசோதனை தொழில். ஞாயிற்றுக்கிழமைகளில் சிலிண்டர் கட்டிக்கொண்டு நாலு பேருக்குப் பழக்கியும் விடுகிறேன். தண்ணீரைப் பற்றி மட்டும் கேளுங்கள். எந்த மாஸ்க் வாங்கலாம் என்று கேட்டால் பதில் வராது.

வில்லியனூர்: சார், நாங்கள் போகும் குவாரியில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. அடியில் கிடக்கும் கல்கூடத் தெரிகிறது. இதற்கும் சோதனை வேண்டுமா?

வேண்டும். குவாரியில் வண்டல் கொண்டுவரும் ஓடை இல்லை, பாசி வளர எருவும் இல்லை, அதனால்தான் தெளிவு. கிருமி தெளிவான தண்ணீரிலும் இருக்கும்.

அப்புறம், அந்தத் தெளிவு மேலோடு நின்றுவிடலாம். சித்திரை வெயிலில் மேல்தண்ணீர் சூடாகி லேசாகிவிடும். குளிர்ந்த தண்ணீர் கனமாகக் கீழேயே தங்கிவிடும். இரண்டும் கலப்பதில்லை. அடியில் மட்கும் சருகு ஆக்சிஜனை எல்லாம் தின்று தீர்க்க, ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு உண்டாகும். போன வருஷம் ஒரு பையன் எட்டு மீட்டர் இறங்கி ஏறினான். தண்ணீருக்குள் வாடை தெரியாதல்லவா? கரையேறியதும் அவன் இடுப்பைப் பார்த்தேன். காலையில் பளபளவென்று இருந்த வெள்ளி அரைஞாண் கறுத்துப்போயிருந்தது. அதற்குப் பிறகுதான் அழுகிய முட்டை வாடை எங்கள் மூக்கில் ஏறியது. அந்தக் குட்டையில் இப்போது ஐந்து மீட்டருக்குக் கீழே யாரையும் விடுவதில்லை.

குளிக்கும் தண்ணீருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்திருக்கும் அளவு இது: 100 மி.லி.யில் மலக் கோலிஃபார்ம் (மலம் கலந்திருப்பதைக் காட்டும் பாக்டீரியா) 500க்குள் இருப்பது நல்லது, 2,500ஐத் தாண்டவே கூடாது. பிஎச் 6.5 முதல் 8.5 வரை. கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மி.கி.யாவது இருக்க வேண்டும். கிருமி நீக்கிய பாட்டிலில் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, அன்றைக்கே ஆய்வகத்தில் கொடுங்கள். காரில் இரண்டு நாள் கிடந்த பாட்டிலைக் கொண்டுவந்தால் நான் வாங்கமாட்டேன்.

அரியாங்குப்பம்: மழை விட்ட மறுநாள் இறங்கலாமா?

கூடாது. குறைந்தது மூன்று நாள் பொறுங்கள். மழை முதலில் அடித்துக்கொண்டு வருவது சாணியும் எலி மூத்திரமும்தான். எலிக்காய்ச்சல் கிருமிக்கு முழங்காலில் ஒரு சிராய்ப்பு போதும். இறங்கிய ஒரு மாதத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், டாக்டரிடம் முதல் வார்த்தையாகக் குட்டையில் இறங்கியதைச் சொல்லுங்கள்.

லாஸ்பேட்டை: ஊசுட்டேரியில் பழகலாமா? இல்லையென்றால் வீராணம்?

முதலாவது பறவைகள் சரணாலயம். இரண்டாவது சென்னைக்குக் குடிநீர் போகிற ஏரி. விட்டுவிடுங்கள்.

கடலூர் முதுநகர்: அண்ணா, மூளையைத் தின்னும் அமீபா என்று கேரளத்துச் செய்தி படித்துப் பயமாக இருக்கிறது. நமக்குத்தான் மாஸ்க் மூக்கை மூடியிருக்கிறதே?

நல்ல கேள்வி தம்பி. நெக்லேரியா ஃபௌலேரி என்ற அந்த அமீபா வெதுவெதுப்பான நன்னீரிலும் அடிச்சேற்றிலும் வாழும். குடித்தால் ஒன்றும் ஆகாது. மூக்கு வழியாகப் போனால்தான் ஆபத்து. மிக அரிதான நோய், ஆனால் வந்தவர்களில் பிழைத்தவர்கள் மிகச் சிலர். 2024-இல் கேரளத்தில் சிறுவர்கள் இறந்தார்கள். கோழிக்கோடு பக்கம் ஒரு பையன் பிழைத்ததே பெரிய செய்தியானது.

மாஸ்க் மூடியிருக்கிறது, சரி. ஆனால் புதிதாக வருகிறவர்களுக்கு நாம் முதலில் சொல்லித்தருவது என்ன? மாஸ்க்குக்குள் தண்ணீரை விட்டு, மூக்கால் ஊதி வெளியேற்றுவது. புதியவர்கள் பதற்றத்தில் ஊதுவதை மறந்து உறிஞ்சிவிடுவார்கள். அதனால் மாஸ்க் பயிற்சி முழுவதும் குளோரின் போட்ட நீச்சல்குளத்தில்தான். குட்டைக்கு மிதவைப் பயிற்சிக்கு மட்டும் வாருங்கள். இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

நெல்லிக்குப்பம்: ப்ளீச்சிங் பவுடர் போட்டுவிட்டால் தீர்ந்ததே?

கணக்குப் போடுங்கள். 50 மீட்டர் நீளம், 30 அகலம், சராசரி 8 மீட்டர் ஆழம் என்றால் 1.2 கோடி லிட்டர். லிட்டருக்கு 2 மி.கி. குளோரின் வர, 30 சதவீதப் பவுடர் 80 கிலோ வேண்டும். வெயிலும் சருகும் அதைச் சீக்கிரமே தின்றுவிடும். மீன் செத்து மிதக்கும். ஊர்க்காரர்கள் உங்களைத் தேடுவார்கள்.

திருப்பாதிரிப்புலியூர்: மழைக்கு அடுத்த நாள்...

மேலே இருக்கிறது.

பண்ருட்டி: தம்பி, இத்தனை பயமுறுத்தல் எதற்கு? எங்கள் வீட்டில் தேற்றான்கொட்டையைப் பானைக்குள் உரசிவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றுவோம். கலங்கல் எல்லாம் படிந்துவிடும். அறுபது வருஷமாக ஒரு வயிற்றுவலி இல்லை.

ஐயா, தேற்றானை நான் குறை சொல்லவில்லை. களிமண் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கும். தேற்றான் அவற்றைத் திரளவைத்து அடியில் உட்காரவைக்கும். படிகாரமும் முருங்கை விதையும் செய்வது அதே வேலைதான். கூடவே கொஞ்சம் கிருமியும் படியும். எல்லாம் படியாது.

பண்ருட்டி: படிகிறதல்லவா? அதைத்தான் நானும் சொல்கிறேன்.

எங்கே படிகிறது ஐயா? அடியில். நீங்கள் பானையை ஆட்டாமல் மேலே இருந்து மொண்டு குடிக்கிறீர்கள். எங்கள் ஆள் நேராக அடிக்குப் போய் மண்டி போடுகிறான்.

நெய்வேலி: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். பெரியவர் சொல்வதில் பாதி சரி. தெளிவில்லாவிட்டால் கூட வந்தவன் எங்கே என்றே தெரியாது. கிருமியைவிட அதுதான் சீக்கிரம் கொல்லும்.

ஒத்துக்கொள்கிறேன். 20 செ.மீ. தட்டில் கறுப்பும் வெள்ளையுமாகக் கால்கால் பங்கு பூசி, கயிற்றில் கட்டி இறக்குங்கள். கண்ணுக்கு மறையும் ஆழம்தான் உங்கள் தெளிவு. மூன்று மீட்டருக்குள் மறைந்தால் புதியவர்களை நான் இறக்குவதில்லை. ஆனால் தட்டு தெரிகிறது என்பதற்காக ஆய்வக அறிக்கையைக் கிழித்துப் போட முடியாது.

பண்ருட்டி: தேற்றான் போட்ட பாட்டில் ஒன்று, போடாத பாட்டில் ஒன்று கொண்டுவருகிறேன். சோதித்துக் காட்டுவாயா?

தாராளமாக. பாட்டில் மட்டும் என்னிடம் வாங்கிக்கொள்ளுங்கள் ஐயா. ஊறுகாய் பாட்டில் வேண்டாம்.

முத்தியால்பேட்டை: குட்டையில் ஒரு ஓரம் பச்சைப் பெயிண்ட் ஊற்றிய மாதிரி இருக்கிறது. மறு ஓரம் நன்றாக இருக்கிறது.

காற்று ஒதுக்கிய நீலப்பச்சைப் பாசியாக இருக்கும். அதில் சில வகை ஈரலைக் கெடுக்கும் நஞ்சு விடும். குடித்த மாடு செத்ததுண்டு. மறு ஓரத்திலும் இறங்காதீர்கள், சாயங்காலம் காற்று மாறும்.

காலாப்பட்டு: கடலில் கட்டும் எடையே குட்டைக்கும் போதுமா?

அதிகம். நன்னீர் உங்களைத் தூக்குவது குறைவு. இரண்டு மூன்று கிலோ குறைத்துப் பாருங்கள்.

பாகூர்: நேற்று வெறும் தூறல்தான் சார். நாளைக்கு...

ஓடையில் தண்ணீர் வந்ததா? வந்திருந்தால் மூன்று நாள்.