கேளுங்கள், சொல்கிறேன்: அம்மாயியும் ஐரீனின் சிரிப்பும்

கேள்வி: ‘கெட் அவுட்’ பேய்ப்படமா? வீட்டில் எல்லோரும் பார்க்கலாமா?
(வாசகர், மல்லாவி)

பேய் கிடையாது. காதலியின் வீட்டாரைப் பார்க்கப் போகும் ஒரு கறுப்பின இளைஞனின் கதை. இனிக்க இனிக்கப் பேசும் வெள்ளைக் குடும்பம். பயமே அந்த இனிப்பில்தான். நகைச்சுவை நடிகராக இருந்த ஜோர்டன் பீல் 2017இல் இயக்கிய முதல் படம். திரைக்கதைக்கு ஒஸ்கார் கிடைத்தது. இரத்தம் உண்டு, சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

கேள்வி: நிறவெறிப் படம் என்றாலே அடி, உதை, நீதிமன்றம். அப்படியில்லாமல், புதிதாக இயக்க வந்த ஒருவரின் படம் ஒன்று சொல்லுங்கள் அக்கா.
(வாசகி, பரந்தன்)

‘பாஸிங்’ பாருங்கள் தங்கச்சி. 2021இல் வந்தது. நடிகை றெபேக்கா ஹோல் இயக்கிய முதல் படம். நெல்லா லார்சன் 1929இல் எழுதிய நாவல்தான் கதை. நிறம் வெளுத்த கறுப்பினத்தவர் தம்மை வெள்ளையராகக் காட்டி வாழ்வதை அமெரிக்காவில் ‘பாஸிங்’ என்பார்கள். றெபேக்காவின் தாய்வழிப் பாட்டனாரும் தன் கறுப்பின வேரை மறைத்து வாழ்ந்தவர்.

முழுக்கக் கறுப்பு வெள்ளை. திரையும் பழைய தொலைக்காட்சிப் பெட்டிபோல ஒடுங்கியிருக்கும். தொடக்கத்தில் ஐரீன் தொப்பியைக் கண்வரை இறக்கிவிட்டு, வெள்ளையர் கடையில் மகனுக்குப் பொருள் தேடுகிறாள். அப்புறம் வெக்கை தாங்காமல் ஒரு ஹோட்டலுக்குள் போகிறாள். அங்கே பழைய சிநேகிதி கிளேர், வெள்ளைக்காரியாகவே மாறி வெள்ளைக்காரனைக் கட்டியிருக்கிறாள். கறுப்பரைத் தனக்கு வெறுப்பு என்று அவன் இந்த இரண்டு பெண்களுக்கும் முன்னால் சொல்கிறான். இவர்கள் யாரென்று அவனுக்குத் தெரியாது. ஐரீன் சிரிக்கிறாள். நான் அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டேன்.

எங்கள் குடும்பம் 1977இல் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பிறகு மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கிளிநொச்சிப் பக்கம் வந்து, காடு வெட்டிக் கொட்டில் போட்டுக் குடியேறியது. நான் இங்கேதான் பிறந்தேன். அம்மாவின் அம்மாவை வீட்டில் அம்மாயி என்போம். பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளுக்கு அவர் அம்மம்மா. ஒன்பது வயதில் ஒரு நாள், கூடப் படித்த இருவர் கொப்பி வாங்கப் படலையடிக்கு வந்தார்கள். “வாங்க புள்ள, சாயத்தண்ணி குடிக்கிறீங்களா?” என்று அம்மாயி கேட்டார். நான் முந்திக்கொண்டு, “தேத்தண்ணி குடிக்கிறியளோ எண்டு அம்மம்மா கேக்கிறா” என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் அடுப்பை ஊதினார். ஊதும் சத்தம் படலை வரை கேட்டது.

அதே வாரம்தான் வகுப்பில் ஓர் ஆசிரியர் ‘தோட்டக்காட்டார்’ என்று, மலையகத்தாரை இழிவாகச் சொல்லும் சொல்லை வைத்து, ஏதோ பகிடி விட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஐரீன் சிரித்த அதே சிரிப்பு.

அமெரிக்கக் கறுப்பின மக்கள் பட்டதும் நாங்கள் பட்டதும் ஒன்றென்று சொல்ல மாட்டேன். எங்களை முகத்தைப் பார்த்து யாரும் பிரித்தறிய முடியாது, பேச்சுத்தான் காட்டிக்கொடுக்கும். ஆனாலும் வாயைத் திறக்குமுன் ஒரு கணம் தயங்குகிறாளே ஐரீன், அந்தத் தயக்கம் எனக்கு நன்றாகத் தெரியும். றெபேக்கா ஹோல் அதைப் பெரிய வசனம் எதுவும் இல்லாமல் முகத்திலேயே பிடித்திருக்கிறார். முதல் படத்தில் இவ்வளவு நிதானம் அபூர்வம்.

இப்போது என் மகள்மார் என் அம்மாவை அம்மாயி என்றுதான் கூப்பிடுகிறார்கள், படலையில் யார் நின்றாலும். படத்தைப் பார்த்ததும் மூத்தவளுடன்தான். கடைசியில் அந்த ஜன்னலடியில் உண்மையில் என்ன நடந்தது என்பதில் எங்கள் இருவருக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. பார்த்துவிட்டு உங்களுக்கு என்ன பட்டது என்று எழுதுங்கள்.