ஐந்தே நாளில் முளைத்த புல்

கண்டனூரிலிருந்து ஓர் ஆச்சி கேட்டிருக்கிறார்: "பின்கட்டுக்கு அப்பால் ஆயிரம் சதுர அடி காலி இடம், மூலையில் ஒரு வேம்பு. இணையத்தில் 'கொரியன் புல் விதை' என்று வாங்கி ஆவணியில் தூவினோம். ஐந்தே நாளில் பசேலென்று முளைத்தது. மூன்று வாரத்தில் அத்தனையும் கருகிவிட்டது. தண்ணீர் குறையா, மண் குறையா? வைகாசியில் சாந்திக் கல்யாணம் (அறுபதாம் கல்யாணம்) வைத்திருக்கிறோம். அதற்குள் புல்தரை வருமா?"

வரும் ஆச்சி. தண்ணீரிலும் குறையில்லை, மண்ணிலும் குறையில்லை. உங்களுக்கு வந்த விதைதான் வேறு.

நம் பக்கத்து நர்சரிகளில் கொரியன் என்று விற்பது வேரும் மண்ணுமாகப் பெயர்த்து, துண்டு துண்டாக வருவது. அதை விதைத்து வளர்ப்பதில்லை. பொட்டலத்தில் மிச்சம் இருந்தால் உள்ளங்கையில் கொட்டிப் பாருங்கள். சீரகம் போல நீளமாக இருக்கிறதா? அப்படியென்றால் அது பெரும்பாலும் ரை புல், குளிர்நாட்டுச் சரக்கு. ஐந்தாறு நாளில் முளைத்து ஆசை காட்டும், ஆவணி வெயிலில் போய்விடும். நமக்கு ஏற்றது அருகம்புல்தான். பிள்ளையார்பட்டியில் மாலையாகக் கட்டிச் சாத்துகிறோமே, அதே இனம். அதன் விதை கசகசா மாதிரிப் பொடியாக இருக்கும். முளைக்க ஒரு வாரம் முதல் மூன்று வாரம் வரை எடுக்கும்.

பச்சை, நீலம் என்று சாயம் ஏறிய விதையாக இருந்தால் எடையில் பாதிகூட மேற்பூச்சாக இருக்கலாம். முளைப்புத்திறன், சோதித்த தேதி, காலாவதி மூன்றும் அச்சிடாத பொட்டலத்தைத் தொடாதீர்கள். விதை விற்க உரிமம் வேண்டும் என்று 1983-லேயே ஆணை போட்டாயிற்று. இணையத்தில் விற்கிறவனுக்கு முகவரியே இல்லை, உரிமத்தை யாரிடம் கேட்பது? இப்படி ஒரு பொட்டலத்தோடு நானே ஓர் அலுவலகத்துக்குப் போனேன். "புல்லுக்கெல்லாமா சார் புகார்?" என்றார்கள். மூன்று மேசை மாற்றினார்கள். நாலாவது மேசைக்காரர் லீவு.

வாங்கியதும் நூறு விதையை எண்ணி ஈரத்துணியில் மடித்து வையுங்கள். மூன்று வாரத்துக்குள் எழுபது விதையாவது முளைக்காவிட்டால் திருப்பிக் கொடுங்கள்.

அடுத்து ஒருவர் வருவார், டிராக்டரோடு. "உங்க செம்மண்ணுல புல் நிக்காது ஆச்சி, நல்ல வண்டல் ரெண்டு லோடு அடிச்சுடுறேன்" என்பார். அந்த மண்ணை ஒரு கைப்பிடி எடுத்து உதிர்த்துப் பாருங்கள். கொத்தமல்லி விதையைவிடச் சற்றுப் பெரிதாக, கறுப்பாக, கிள்ளினால் வாசம் அடிக்கிற உருண்டைகள் இருந்தால் அது கோரைக்கிழங்கு. ஒரு தடவை உள்ளே வந்துவிட்டால் உங்கள் பேரன் காலம் வரை அதைக் கிளறிக்கொண்டிருக்க வேண்டியதுதான். காசையும் கொடுத்துக் களையையும் வாங்குவானேன்? இருக்கிற செம்மண்ணையே அரை அடிக்குக் கொத்துங்கள். சில இடத்தில் கடப்பாரை செம்பூரான் கல்லில் 'டங்'கென்று இடிக்கும், அங்கே மட்டும் சல்லியைப் பொறுக்கிவிட்டு நல்ல மண் போடலாம். நன்றாக மக்கிய மாட்டெரு போதும். பட்டியிலிருந்து அப்படியே அள்ளி வந்த ஆட்டெரு வேண்டாம், அதில் ஊர்க் களை விதை எல்லாம் இருக்கும்.

கொத்திச் சமன் செய்ததும் விதைத்துவிடாதீர்கள். இரண்டு வாரம் வெறும் மண்ணுக்குத் தண்ணீர் விடுங்கள். களை முளைக்கும், மேலாகச் சுரண்டி எடுங்கள். ஐப்பசி அடைமழையில் விதைத்தால் விதை தெருவுக்குப் போய்விடும். தை பிறந்ததும் விதைத்தால் வைகாசிக்கு நான்கு மாதம் இருக்கிறது, தாராளம். ஆயிரம் சதுர அடிக்கு அரைக் கிலோவிலிருந்து முக்கால் கிலோ. காய்ந்த மணலோடு கலந்து, பாதியை நீளவாக்கில், பாதியை அகலவாக்கில் தூவுங்கள். கால் அங்குலத்துக்கு மேல் மண் மூடக்கூடாது. முளைக்கும் வரை பூவாளியால் நாளுக்கு மூன்று நான்கு தடவை லேசாக நனையுங்கள், ஹோஸைப் பீய்ச்ச வேண்டாம். இரண்டு அங்குலம் வளர்ந்ததும் நுனியை வெட்டலாம்.

ஒரே ஒரு விதிவிலக்கு: நிழல். மூலையில் வேம்பு நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆறு மணி நேரமாவது நேர் வெயில் விழாத இடத்தில் அருகு நிற்காது. எவ்வளவு விதை கொட்டினாலும் சரி, எவ்வளவு தண்ணீர் விட்டாலும் சரி, நரம்பு நரம்பாக நீண்டு வெளுத்துச் சாகும். காலை வெயில் மட்டும் வருகிறதே என்பீர்கள், போதாது. கிளையைக் கழித்துவிடலாமே என்பீர்கள், ஒரு மழைக்குப் பிறகு மறுபடி தழைத்துவிடும். நிழல் தாங்கும் புல் என்று யாராவது விதை கொண்டுவந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். எருமைப்புல்லைக் கணுக்கணுவாக நட்டுப் பார்க்கலாம், அதுவும் ஓரளவுதான். பேசாமல் வேம்படியில் ஆற்றுமணலை விரித்து நாற்காலியைப் போடுங்கள். வைகாசி வெயிலில் சாந்திக்கு வருகிறவர்கள் அங்கேதான் உட்காரப் போகிறார்கள்.