மூன்று வருடம் கடையில் இருந்த டிரைவ்: மாட்டலாமா?

கேள்வி: சிறிய லேத் பட்டறை வைத்திருக்கிறேன், நானும் ஒரு உதவியாளரும்தான். 5 எச்பி மோட்டாருக்கு ஒரு விஎஃப்டி டிரைவ் (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) வாங்கினேன். சீல் பிரிக்காத பெட்டி, மூன்று வருடப் பழைய சரக்கு என்று விலை குறைத்துக் கொடுத்தார்கள். நானே மாட்டலாமா? போய்விட்டால் மாற்றித் தருவார்களா?
– வாசகர், கோவை

பதில்: 415 வோல்ட் மூன்று பேஸ் வேலை. இணைப்பை லைசென்ஸ் உள்ள வயர்மேனிடம் விடுங்கள், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.

முதலில் பழைய சரக்கு விஷயம். டிரைவுக்குள் கரண்டைச் சேமித்து வைக்கும் பெரிய கெபாசிட்டர்கள் இருக்கின்றன. ஓரிரு வருடம் கரண்டே படாமல் கிடந்தால் அவை பலவீனமாகிவிடும். திடீரென முழு வோல்டேஜ் கொடுத்தால் வெடிக்கவும் கூடும். வோல்டேஜைப் படிப்படியாக ஏற்றி அவற்றைத் தேற்றி எடுக்கும் முறை டிரைவின் மேனுவலில் இருக்கும். சர்வீஸ் சென்டரில் செய்து வாங்குவதே நல்லது.

இதே கெபாசிட்டர்தான் ஆளுக்கும் ஆபத்து. எம்சிபியை இறக்கிய பிறகும் உள்ளே சுமார் 580 வோல்ட் டிசி கொஞ்ச நேரம் நிற்கும். டிஸ்ப்ளே அணைந்துவிட்டது என்று நம்பிக் கை வைக்காதீர்கள். எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று டிரைவின் மேலேயே ஒட்டியிருப்பார்கள். அந்த நேரம் முடிந்ததும் பிளஸ், மைனஸ் டெர்மினல்களில் மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே தொட வேண்டும். இதில் அவசரமே கூடாது.

சப்ளை வர வேண்டியது ஆர், எஸ், டி-யில். மோட்டாருக்குப் போக வேண்டியது யு, வி, டபிள்யூ-வில். மாறினால் டிரைவ் அந்த நொடியே காலி. மோட்டாரை மெக்கர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வைத்துச் சோதிப்பதென்றால் டிரைவ் பக்க வயரைக் கழற்றிவிட்டுத்தான். அப்புறம், பழைய லேத்தில் ஃபார்வர்டு-ரிவர்ஸ் டிரம் ஸ்விட்ச் இருக்கும். அதை டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் அப்படியே விட்டுவிடுவார்கள். ஓடும்போது திருப்பினால் டிரைவ் அடிவாங்கும். அதைப் பவர் லைனிலிருந்து எடுத்துவிட்டு, ஃபார்வர்டு, ரிவர்ஸ் சிக்னலை டிரைவின் கன்ட்ரோல் டெர்மினலில் கொடுக்கச் சொல்லுங்கள்.

பேனலில் ஓட்டை போடும் வேலையெல்லாம் டிரைவை உள்ளே வைப்பதற்கு முன்பே முடிய வேண்டும். ஒரு சின்ன இரும்புச் சுருள் போர்டில் விழுந்தால் போதும், ஷார்ட் ஆகிவிடும். மேலும் கீழும் காற்றுக்கு மேனுவல் சொல்லும் இடைவெளி விடுங்கள்.

இனி வாரண்டி. இந்த வகைப் பொருட்களுக்கு ‘அனுப்பிய நாளிலிருந்து 18 மாதம் அல்லது ஓடத் தொடங்கியதிலிருந்து 12 மாதம், எது முந்தியதோ அது’ என்று எழுதுவது வழக்கம். அப்படிப் பார்த்தால் உங்கள் டிரைவுக்குக் கம்பெனி வாரண்டி முடிந்தே போயிருக்கலாம். கடைக்காரர் தன் பொறுப்பில் எத்தனை மாதம் தருகிறார் என்பதை, சீரியல் எண்ணோடு, ஜிஎஸ்டி பில்லிலேயே இப்போதே எழுதி வாங்குங்கள். ‘தொழிலுக்கு வாங்கியது, நுகர்வோர் வழக்கு செல்லாது’ என்பார்கள். முழுக்கச் சரியல்ல. சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துபவரை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே கருதுகிறது. உங்களுக்கு அது பொருந்த நல்ல வாய்ப்பு உண்டு. 1915 உதவி எண்ணில் கேட்கலாம்.

கேள்வி: பேக்கிங் மெஷினில் பிஎல்சி (புரோகிராம்படி மெஷினை இயக்கும் கன்ட்ரோலர்) போய்விட்டது. அதே மாடல் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?
– வாசகி, ஓசூர்

பதில்: மாடல் பெயர் போதாது, ஆர்டர் எண் முழுவதும் ஒத்துப்போக வேண்டும். சீமென்ஸ் கம்பெனியின் 1214சி பிஎல்சி-யையே எடுத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட் ஏசி சப்ளையில் ஓடுவதும் உண்டு, 24 வோல்ட் டிசி-யில் ஓடுவதும் உண்டு. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். 24 வோல்ட் யூனிட்டுக்கு 230 கொடுத்தால் அவ்வளவுதான். பழைய பிஎல்சி-யின் புரோகிராம் பேக்கப் கையில் இருக்கிறதா என்று மெஷின் செய்து கொடுத்தவரிடம் கேட்ட பிறகு பணம் கட்டுங்கள். அது இல்லாமல் புது யூனிட்டை வைத்து மெஷினை ஓட்ட முடியாது.