இடிந்த கோட்டைப் படத்தை எப்படிப் பார்ப்பது?

கேள்வி: எங்கள் வீட்டில் பழுப்பு நிறத்தில் ஒரு பழைய அச்சுப்படம் இருக்கிறது. மேட்டில் இடிந்த கோட்டை, கீழே ஆற்றில் மாடுகள். 'ட்வீட் ஆற்றங்கரையில் நோரம் கோட்டை' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கிறது. நிலையாமையைச் சொல்லும் படமா இது?

பதில்: இது ஆங்கில ஓவியர் டர்னரின் படம். 1807 முதல் 1819 வரை அவர் பகுதி பகுதியாக வெளியிட்ட 'லீபர் ஸ்டுடியோரம்' என்ற அச்சுப்பட வரிசையில், 1816-இல் வந்தது. நிலையாமை என்று மட்டும் பொருள் கொண்டால் பாதிப் படம் கை நழுவிவிடும்.

மேல் விளிம்பில் 'P' என்ற ஆங்கில எழுத்து இருக்கிறதா, பாருங்கள். மேய்ச்சல் நிலக் காட்சி என்பதற்கான குறி அது. வரலாறு, மலை, கடல், கட்டடம் என்றெல்லாம் டர்னர் தம் படங்களை வகை பிரித்திருந்தார். இவ்வளவு பெரிய கோட்டையை வரைந்தவர், அதைக் கட்டடத்திலும் சேர்க்கவில்லை, வரலாற்றிலும் சேர்க்கவில்லை. எனக்கு இதுதான் படத்தின் திறவுகோல்.

அந்த இடத்தின் கதையையும் சேர்த்துப் பாருங்கள். அங்கே ட்வீட் ஆறுதான் இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் எல்லை. 1121-இல் எழுந்த கோட்டை பலமுறை முற்றுகைக்கு உள்ளானது. 1513-இல் ஸ்காட்லாந்து மன்னர் நான்காம் ஜேம்ஸ் பீரங்கிகளால் தாக்கிப் பிடித்தார். சில நாட்களிலேயே ஃப்ளாடன் போர்க்களத்தில் மாண்டார். அப்படிப்பட்ட எல்லை ஆற்றில் மாடுகள் அச்சமின்றி இறங்கி நிற்கின்றன. அழிவைவிட அமைதிதான் இங்கே உரக்கப் பேசுகிறது.

அடுத்து, ஒளி. சூரியன் கோட்டைக்குப் பின்னால் இருப்பதால் சுவர்கள் இருண்ட ஒற்றை உருவமாகத் தெரிகின்றன; வெளிச்சம் வானத்துக்கும் தண்ணீருக்கும் போகிறது. இந்தப் படம் அச்சான மெசோடின்ட் என்னும் செப்புத்தகட்டு அச்சு முறைக்கு இது வெகு பொருத்தம். செப்புத்தகடு முழுவதையும் சொரசொரப்பாக்கினால் அச்சில் ஒரே கருமை. வெளிச்சம் வேண்டிய இடங்களைச் சுரண்டி வழவழப்பாக்க வேண்டும். இருளிலிருந்து ஒளியை எடுக்கும் வேலை. இந்தத் தகட்டில் அதைச் செய்தவர் சார்லஸ் டர்னர். பெயர் ஒன்றானாலும் ஓவியருக்கு உறவினர் அல்லர்.

உங்களுடையது அசல் அச்சா என்பது தனிக் கேள்வி. கோட்டையின் நிழலைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். ஒழுங்கான புள்ளி வரிசை தெரிந்தால் பிற்கால நகல். வெல்வெட் போன்ற கருமையும், படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய பள்ளமும் இருந்தால், சட்டகத்திலிருந்து நீங்களே பிரிக்காமல் அச்சுப்பட வல்லுநர் ஒருவரிடம் காட்டுங்கள். மெசோடின்ட் தகடு விரைவில் தேயும் என்பதால், ஆழ்ந்த கருமையுள்ள தொடக்ககாலப் பிரதிகளுக்கே மதிப்பு அதிகம்.