டெல்லாவின் கன்னம் ஏன் சிவந்தது?

அன்புள்ள ஐயா,

பள்ளியில் எங்களுக்கு அமெரிக்க எழுத்தாளர் ஓ. ஹென்றியின் ‘தி கிஃப்ட் ஆஃப் தி மேஜை’ (The Gift of the Magi) என்ற சிறுகதை பாடமாக இருந்தது. பார்சிமனி, இம்ப்யூட்டேஷன், மென்டிகன்சி என்று கடினமான சொற்களைப் பட்டியல் போட்டு, எதிரே பொருள் எழுதி உருப்போட்டேன். நல்ல மதிப்பெண்ணும் வந்தது. இன்று ஒன்றுக்கும் பொருள் நினைவில்லை. ஆங்கில நாவல் படிக்க ஆசை, ஆனால் பக்கத்துக்குப் பக்கம் தடுக்குகிறது. ஒரு நாளைக்கு எத்தனை சொல் கற்கலாம்? எந்த அகராதி நல்லது? செயலிகள் உதவுமா?

உங்கள் வாசகன்

அன்புள்ள நண்பருக்கு,

அண்ணன் பேத்தியின் நோட்டில் இதே மாதிரி ஒரு பட்டியலைப் பார்த்து எரிச்சலில் இருந்தேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது. அவளுக்குச் சேர வேண்டிய திட்டும் சேர்த்து உங்களுக்கு விழலாம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செயலி வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள், கெடுதல் இல்லை. அகராதி எதுவானாலும் சரி. என் கோபம் வேறு. உங்கள் கடிதத்தில் மூன்று சொற்கள் வருகின்றன. கதையின் நாயகி டெல்லா வரவில்லை, அவள் கணவன் ஜிம் வரவில்லை, அவனுக்குப் பரிசு வாங்க அவள் விற்ற கூந்தலும் வரவில்லை. கதையை விட்டுவிட்டுச் சொற்களை மட்டும் உரித்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறீர்கள். அப்புறம் அவை நிற்கவில்லை என்று வருத்தம் வேறு! எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளே இல்லாத அசைகளைத் தானே உருப்போட்டு, அவை எவ்வளவு சீக்கிரம் மறக்கின்றன என்று அளந்து 1885-இல் நூலாக வெளியிட்டார். அவர் தேடிப்பிடித்து அர்த்தமில்லாத அசைகளை உண்டாக்கினார். நீங்கள் அர்த்தமுள்ள சொற்களையே அப்படி ஆக்கிவிட்டீர்கள்.

எங்களுக்கும் இந்தக் கதை பாடமாக இருந்தது. எங்கள் ஆங்கில ஆசிரியர் பொருள் எழுதிப்போட மாட்டார். முதல் பத்தியை வாசித்தார். டெல்லாவிடம் இருப்பது 1 டாலர் 87 சென்ட். மளிகைக்காரர், காய்கறிக்காரர், கறிக்கடைக்காரர் எல்லோரிடமும் அடித்துப் பேரம் பேசி, ஒன்றும் இரண்டுமாக மிச்சம் பிடித்த காசு. அப்படிப் பேசும்போது அவள் கன்னம் எரிந்தது என்று வருகிறது. புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, “கன்னம் ஏன்டா எரிஞ்சது?” என்றார். முன்வரிசையிலிருந்து ஒருவன், “வெயில், சார்” என்றான். கதை நடப்பது கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள்! சிரிப்பு அடங்கியதும் பின்வரிசையில் ஒருவன் மெதுவாக எழுந்தான். “கடைக்காரர் வாய்விட்டு ஒண்ணும் சொல்லலை சார். ஆனா மனசுக்குள்ள, சரியான கஞ்சம்னு நெனச்சிருப்பார். அது அவளுக்குத் தெரியும்.”

“நீ சொன்னதுதான் சைலன்ட் இம்ப்யூட்டேஷன் ஆஃப் பார்சிமனி, உட்கார்” என்றார் ஆசிரியர்.

நான் அந்தச் சொற்களை அதற்குப் பிறகு உருப்போடவே இல்லை. எந்தக் கடையில் பேரம் பேசினாலும் பார்சிமனி தானாக வந்து நிற்கிறது.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அந்தக் கதை 1905-இல் நியூயார்க் நாளிதழ் ஒன்றின் ஞாயிறு பதிப்பில் வந்தது. படித்தவர்கள் பேராசிரியர்கள் அல்ல, பத்திரிகை வாங்கிய சாதாரண ஜனங்கள். அவர்களுக்கு எதற்கு இத்தனை கனமான சொற்கள்? சிரிக்க வைக்கத்தான். வாரம் 8 டாலர் வாடகைக்கு ஒரு வீடு, அதில் ஒரு பழைய சோபா, அதில் விழுந்து ஒரு பெண் ஓவென்று அழுகிறாள். உடனே ஓ. ஹென்றி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இது ஓர் ஒழுக்கச் சிந்தனையைத் தூண்டுகிறது என்று பிரசங்கி மாதிரி ஆரம்பிக்கிறார். தூண்டுகிறது என்பதற்கு அவர் எழுதிய ‘இன்ஸ்டிகேட்ஸ்’ வேண்டுமென்றே போட்ட ஜரிகைத் தலைப்பாகை. மென்டிகன்சியும் அதே குறும்புதான். வருணனைக்கு அடங்காத மோசம் என்று சொல்லும் ஆங்கில வழக்கில் ‘பெக்கர்’ வருகிறது, பிச்சைக்காரர் என்றும் பொருள்படும் சொல். வீடு அந்த அளவுக்கு மோசமில்லை என்று ஒப்புக்கொண்டு, ஆனாலும் அந்தச் சொல், பிச்சைக்காரர்களைப் பிடிக்கும் ‘மென்டிகன்சி’ படை வருகிறதா என்று எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தது என்கிறார். உங்கள் பட்டியலில் ‘மென்டிகன்சி: இரத்தல்’ என்று இருந்திருக்கும். இதைப் படித்து யாருக்குச் சிரிப்பு வரும்?

ஒரு நாளைக்கு எத்தனை சொல் என்றல்லவா கேட்டிருந்தீர்கள்? கணக்கு எனக்குத் தெரியாது. 100 சொல்லுக்கு 98 தெரிந்தால் ஒரு நூலைத் துணையின்றிப் படிக்கலாம் என்று மொழி கற்பித்தலில் சொல்வார்கள். பக்கத்துக்குப் பக்கம் தடுக்கினால் நாவல் இப்போது வேண்டாம், எளிய நூலாக எடுங்கள்.

அதற்கு முன் ஓ. ஹென்றியின் கதையை ஒரே மூச்சில் படித்து முடியுங்கள். முதல் தடவை அகராதியைத் தொடாதீர்கள். ஜிம்மின் பைக்கடிகாரத்துக்கு வாங்கிய சங்கிலியை டெல்லா நீட்டும்போது ஜிம் சோபாவில் சாய்ந்து தலைக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு சிரிக்கிறான். ஏன் சிரிக்கிறான் என்று எனக்கு எழுதுங்கள். பட்டியல் அனுப்பினால் பதில் போட மாட்டேன்.