பழைய லாரியில் ஐட்லிங் (பெடலை மிதிக்காதபோது என்ஜின் ஓடும் வேகம்) இறங்கவே மாட்டேன் என்கிறது, டீசல் பம்ப்பை இறக்கித்தான் ஆக வேண்டுமா?

நீங்கள் கேட்டிருப்பது: அப்பா காலத்து ஆறு சிலிண்டர் டீசல் லாரி, மாதவரத்திலிருந்து துறைமுகத்துக்கு ஓடுகிறது. பெடலில் இருந்து காலை எடுத்த பிறகும் ஆயிரம் ஆர்.பி.எம்முக்குக் கீழே வருவதில்லை. வண்டி நிற்கும்போது முதல் கியர் போட்டால் பல் கத்துகிறது. மெக்கானிக் பம்ப்பை இறக்கிக் கடையில் கொடுக்கச் சொல்கிறார், செய்யலாமா?

இப்போதைக்கு வேண்டாம். மணலி, சாத்தாங்காடு பக்கம் லாரிகளோடு காலம் தள்ளுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்தப் புகாரோடு வருகிற பழைய வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குக் கோளாறு பம்ப்புக்கு வெளியேதான் இருக்கும். அதிலும் பாதிக்கு மேல் கோளாறே கிடையாது. யாரோ ஒருவர் ஏதோ ஒரு காரணத்துக்காக ஐட்லிங்கை வேண்டுமென்றே ஏற்றி வைத்திருப்பார். அந்தக் காரணத்தைப் பிடிக்காமல் பம்ப்பில் இருக்கும் ஐட்லிங் ஸ்க்ரூவை மட்டும் இறக்கினால் அடுத்த வாரமே டிரைவர் திரும்ப ஏற்றிவிடுவார்.

முதலில் ஒன்று. யூடியூபில் பார்த்துவிட்டு வேக்குவம் லீக், த்ராட்டில் பாடி கிளீனிங் என்று கிளம்பாதீர்கள். அதெல்லாம் பெட்ரோல் காருக்கு. உங்கள் டீசல் என்ஜினில் காற்றை அடைத்து வேகத்தைக் குறைக்கும் தகடு இல்லை. எவ்வளவு டீசல் உள்ளே போகிறதோ அவ்வளவு வேகம், அவ்வளவுதான். அந்த அளவை முடிவு செய்வது பம்ப்பின் கவர்னர். (மிகப் பழைய சில பம்ப்புகளில் காற்றின் உறிஞ்சலால் வேலை செய்யும் டயாபிரம் கவர்னர் இருக்கும். அதில் மட்டும் டயாபிரம் கிழிந்தாலோ ஹோஸ் ஓட்டையானாலோ என்ஜின் எகிறும்.) பி.எஸ்-4 என்ற புகை விதி நாடு முழுவதற்கும் வந்தது 2017 ஏப்ரலில். உங்களுடையது அதற்கு ரொம்ப முந்தைய வண்டி, அதனால் எலக்ட்ரானிக் இல்லாத மெக்கானிக்கல் லைன் பம்ப் என்றே வைத்துக்கொண்டு பேசுகிறேன்.

சரி, சோதனைக்கு வருவோம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ஸ்டாப் கேபிள் இழுத்தால் என்ஜின் உடனே நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். நிற்காவிட்டால் வேறு எதையும் தொடாமல் அதைச் சரி செய்யுங்கள். அப்புறம் என்ஜின் நன்றாகச் சூடான பிறகு, பம்ப் பக்கத்தில் ஒரு ஆள் ஸ்டாப் லிவரில் கை வைத்திருக்க, பெடலையும் பம்ப்பையும் இணைக்கும் ஆக்சிலேட்டர் லிங்க் ராடை பம்ப் லிவரிலிருந்து கழற்றிவிடுங்கள். லுங்கி, துண்டு எதுவும் ஃபேன் பக்கம் போகக் கூடாது.

கழற்றியதும் லிவர் பின்னால் போய் ஐட்லிங் ஸ்க்ரூவில் டக்கென்று உட்கார்ந்து என்ஜின் சத்தம் இறங்கினால் உங்கள் பம்ப் நல்ல பம்ப். கோளாறு லிங்க்கிலோ பெடலிலோ இருக்கிறது. லிவர் ஸ்க்ரூவில் உட்கார்ந்த பிறகும் ஆயிரத்திலேயே நின்றால், யாரோ ஸ்க்ரூவை ஏற்றியிருக்கிறார்கள், இல்லையென்றால் கவர்னருக்குள் சிக்கல். லிவரே திரும்ப வராமல் நடுவில் நின்றால் அதன் ஷாஃப்ட் இறுகியிருக்கிறது, அல்லது ரிட்டர்ன் ஸ்பிரிங் போய்விட்டது.

வடசென்னை வண்டிகளில் நான் முதலில் பார்ப்பது பெடலின் பின்னைத்தான். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் கடலோரமாகவே ஓடி, அங்கேயே வரிசையில் நிற்கிற வண்டி. உப்புக் காற்று பெடல் பின்னையும் பெல்கிராங்க் (லிங்க்கின் திசையைத் திருப்பும் லிவர்) புஷ்ஷையும் சத்தமில்லாமல் தின்றுவிடும். மேலே நிலக்கரித் தூசியும் கிரீஸும் சேர்ந்து கரும்பசையாகப் பிடித்திருக்கும். கையால் பெடலைத் தூக்கிப் பாருங்கள், வேகம் குறைந்தால் காரணம் அங்கேதான். டீசலில் கழுவி, புஷ் மாற்றி, புது ஸ்பிரிங் போட்டால் முடிந்தது. பழைய ஸ்பிரிங்கோடு சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டுகிற வேலை வேண்டாம், வெயிலில் அந்த ரப்பர் எத்தனை நாள் தாங்கும்?

நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் கேபின் கட்டிய வண்டியாக இருந்தால் தரைப் பலகையையும் பாருங்கள். பழுது பார்க்கும்போது புதுப் பலகை அடித்து, மேலே ரெக்சின் விரித்து, அதற்கும் மேலே ஒரு மேட் போட்டிருப்பார்கள். பெடல் அதில் இடித்துக்கொண்டு முழுசாக மேலே வராது. என்ஜின் மவுண்ட் ரப்பர் நைந்திருந்தாலும் இதே வம்புதான், என்ஜின் அசையும்போது லிங்க் ராடு தானாக இழுபடும். கியர், கிளட்ச் போடும்போது மட்டும் சத்தம் மாறினால் மவுண்ட்டைச் சந்தேகப்படுங்கள். டாஷ்போர்டில் கையால் வேகத்தை ஏற்றி வைக்கும் கை ரேஸ் குமிழ் இருந்தால் அதன் கேபிள் உறைக்குள் துருப்பிடித்து பாதியில் நிற்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

இனி ஏற்றி வைத்த கதை. ஸ்க்ரூவின் லாக் நட்டில் புதிதாக ஸ்பானர் பட்ட பளபளப்பு இருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். டிரைவரைத் திட்டாமல், "அண்ணே, எதுக்கு ஏத்துனீங்க?" என்று கேளுங்கள். பெரும்பாலும் உண்மையான பதில் வரும்.

முதல் காரணம் பிரேக் ஏர். துறைமுகத்தின் ஜீரோ கேட்டை நோக்கி மணிக்கணக்கில் ஊர்ந்து போகும் வரிசையில் பத்தடிக்கு ஒரு முறை பிரேக் அடிக்க வேண்டும். எங்காவது ஏர் லீக் இருந்தால் சாதாரண ஐட்லிங்கில் கம்ப்ரஸரால் ஈடு கொடுக்க முடியாது, ஏர் பிரஷர் முள் இறங்கிக்கொண்டே வரும். அந்தப் பயத்தில் டிரைவர் ஸ்க்ரூவைத் திருகிவிடுவார். அவர் செய்ததில் தப்புச் சொல்ல முடியாது. ஆனால் அந்த வண்டியின் கோளாறு ஐட்லிங் இல்லை, பிரேக். ஏர் டேங்க்கை ஏழெட்டு கிலோ பிரஷருக்கு நிரப்பி, என்ஜினை நிறுத்தி, முள்ளைக் கவனியுங்கள். கண்ணெதிரே இறங்கினால் சோப்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு யூனியன், ஹோஸ், பூஸ்டர் என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள். பிறகு ஒரு ஆளைப் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கச் சொல்லி இன்னொரு முறை தேடுங்கள். மிதித்தால் மட்டும் கசிகிற இடமும் உண்டு.

அடுத்தது சார்ஜிங். ஆல்டர்னேட்டர் சோர்ந்திருந்தால் இரவில் விளக்கும் ஃபேனும் போட்டு நிற்கும்போது பேட்டரி இறங்கும். 24 வோல்ட் வண்டியில் சார்ஜ் 27, 28 வோல்ட் ஒட்டி இருக்க வேண்டும், மல்டிமீட்டர் வைத்தால் தெரிந்துவிடும். சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நாசில்களில் ஒன்று சரியாகத் தெளிக்காமல் இருந்தாலும் குறைந்த வேகத்தில் என்ஜின் குலுங்கி அணையப் பார்க்கும், அதை மறைக்கவும் ஏற்றியிருக்கலாம். ஐட்லிங்கில் ஒவ்வொரு நாசில் பைப் நட்டாகத் தளர்த்தி இறுக்கும்போது எதில் சத்தம் மாறவில்லையோ அந்த சிலிண்டர்தான் சும்மா இருக்கிறது. துணி சுற்றிச் செய்யுங்கள், பீறிடும் டீசலுக்கு நேராகக் கை கொண்டுபோகாதீர்கள், தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

இதெல்லாம் சரியான பிறகுதான் ஸ்க்ரூ. என்ஜின் முழுச் சூட்டில் இருக்க வேண்டும். காலையில் ஆயில் கெட்டியாக இருக்கும்போது செட் செய்தால் மதியம் தானாக வேகம் கூடிவிடும். பெரிய ஆறு சிலிண்டருக்குப் பொதுவாக 600 ஒட்டி, சின்ன நாலு சிலிண்டருக்கு 750 ஒட்டி இருக்கும். உங்கள் என்ஜினின் சரியான எண் மேனுவலில் இருக்கும், அதையே வையுங்கள். டாஷ்போர்டு மீட்டரை நம்பாமல் ஒரு கை டாக்கோமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். கம்பியும் ஈய சீலும் போட்ட ஸ்க்ரூ அதிகபட்ச வேகத்துக்கானது, அதை மட்டும் தொடவே கூடாது.

பம்ப் கடைக்கு எப்போது போக வேண்டும்? லிவர் ஸ்க்ரூவில் உட்கார்ந்தும் வேகம் நிலையில்லாமல் ஏறி இறங்கினால் முதலில் டீசல் லைனில் சிக்கிய காற்றை வெளியே எடுக்கவும். அப்படியும் நிற்காவிட்டால் கவர்னர் வெயிட்டுகளோ ஸ்பிரிங்கோ தேய்ந்திருக்கலாம். ரேஸ் கொடுத்து விட்ட பிறகு வேகம் மெதுவாக, மனசில்லாமல் இறங்கினால் பம்ப்புக்குள் டீசல் அளவை மாற்றும் ராக் என்ற கம்பி ஒட்டுகிறது. டீசலில் தண்ணீர் கலந்த வண்டிகளில் இது சகஜம். வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் இன்னும் சந்தேகப்படலாம். ராக் முழு டீசல் பக்கம் சிக்கினால் என்ஜின் கட்டுக்கு அடங்காமல் ஓடும், ஸ்டாப் கேபிளுக்கும் கேட்காது. ஆகவே இந்த அறிகுறி தெரிந்தால் லோடு ஏற்றாமல் நேராகக் கடைக்குப் போங்கள்.

கடையில், "ஐட்லிங்கைக் குறைச்சுக் கொடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். பெஞ்சில் ஏற்றி முழு காலிப்ரேஷன் செய்யச் சொல்லுங்கள், ஒவ்வொரு சிலிண்டருக்கும் எவ்வளவு டீசல் போகிறது என்று எழுதி வாங்குங்கள், மாற்றிய பழைய பாகங்களைக் கையோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பம்ப்பைத் திரும்ப மாட்டும்போது டைமிங் குறியை உங்கள் மெக்கானிக்தான் வைக்க வேண்டியிருக்கும், அதனால் இறக்குவதற்கு முன்பே போனில் நாலு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.