அப்பா அம்மாவுக்கு ஒரு கம்ப்யூட்டர்

கேள்வி: பெற்றோர் இருவருக்கும் எழுபது வயது தாண்டிவிட்டது. வீட்டிலுள்ள பழைய டெஸ்க்டாப் ஆன் ஆகி வேலைக்கு வருவதற்குள் அப்பா செய்தித்தாளை முடித்துவிடுகிறார். மெயில், யூடியூப், பேரப்பிள்ளைகளோடு வீடியோ கால், வங்கிக் கணக்கு பார்ப்பது, இவ்வளவுதான் அவர்களுடைய வேலை. தெரிந்த ஒருவர் தன்னிடமுள்ள ஐ7 கம்ப்யூட்டரை மலிவாகத் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: எத்தனையாவது தலைமுறை ஐ7?

ஐ3, ஐ5, ஐ7 எல்லாம் இன்டெல் பிராசஸரின், அதாவது கம்ப்யூட்டரின் மூளையின், பெயர்கள். வெறும் ‘ஐ7’ என்று சொன்னால் அதில் ஒரு தகவலும் இல்லை. பின்னால் வரும் எண்ணில்தான் வயது இருக்கிறது. ஐ7-2600 என்றால் இரண்டாம் தலைமுறை, 2011இல் வந்தது. ஐ3-8100 என்றால் எட்டாம் தலைமுறை, 2017இல் வந்தது. ஐ5-10400 என்றால் பத்தாவது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு, அதாவது பாதுகாப்பு அப்டேட்கள் தருவது, 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11ஐ மைக்ரோசாஃப்ட் முறைப்படி அனுமதிப்பது, ஓரிரு விதிவிலக்கு தவிர, இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான். ஆகவே வங்கிக் கணக்கைத் திறக்கப்போகும் கம்ப்யூட்டருக்கு அந்தப் பழைய ஐ7ஐவிட எளிய ஐ3-8100 மேல். எட்டுக்குக் கீழே இருந்தால் ‘யோசித்துச் சொல்கிறேன்’ என்று நழுவிவிடுங்கள்.

அதோடு பிராசஸர் பேச்சை விட்டுவிடலாம். பெரியவர்கள் கவனிப்பது அதை அல்ல. இதை நான் கற்றுக்கொண்ட கதை கொஞ்சம் வெட்கக்கேடானது. என் பெற்றோருக்குக் கம்ப்யூட்டர் மாற்றியபோது பெட்டிக்குள் இருப்பதையெல்லாம் பார்த்துப் பார்த்து வாங்கினேன். மானிட்டருக்கு மட்டும் பரணில் கிடந்த பழைய 17 அங்குலத்தைத் தூசி தட்டி வைத்துவிட்டேன். ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால், அப்பா ஒரு கையில் பூதக்கண்ணாடியும் இன்னொரு கையில் மௌஸுமாக மெயில் படித்துக்கொண்டிருக்கிறார். “நல்ல வேகம்ப்பா” என்று பாராட்டு வேறு! அன்றே 24 அங்குல மானிட்டர் வாங்கி, விண்டோஸின் டிஸ்ப்ளே செட்டிங்கில் ஸ்கேலிங்கை (எழுத்து, ஐகான்களின் அளவை) 125 சதவீதம் ஆக்கினேன். அம்மாவுக்கு அதுவும் போதவில்லை, 150க்குப் போனோம். பூதக்கண்ணாடி அலமாரிக்குத் திரும்பியது. மிச்சம் பிடிப்பதை வேறு எதிலாவது பிடியுங்கள்.

இன்னொரு கூத்தும் நடந்தது. லேப்டாப்பிலேயே பழகிய எனக்கு, டெஸ்க்டாப்பில் கேமராவும் மைக்கும் தனியாக வாங்க வேண்டும் என்பது மறந்தே போயிற்று. முதல் வீடியோ காலில் அம்மா திரையைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டே இருந்தார். எதிர்முனையில் இருட்டு, சத்தமும் இல்லை. மைக்கோடு வரும் யூஎஸ்பி வெப்கேம் ஒன்றைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, எதை வாங்குவது? என் ஓட்டு, அலுவலகங்களில் ஓடி, சரிபார்த்துப் புதுப்பிக்கப்பட்டு (ரீஃபர்பிஷ்ட்) வெளியே வரும் குட்டி டெஸ்க்டாப்புகளுக்கு. டெல் ஆப்டிப்ளெக்ஸ் மைக்ரோ, லெனோவோ திங்க்சென்டர் டைனி, எச்பி எலைட்டெஸ்க் மினி ஆகியவை இந்த வகை. தடித்த புத்தகம் அளவுதான் இருக்கும். 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பிடம்) இருந்தால் நீங்கள் சொன்ன வேலைகளுக்குப் போதும். பழைய ஹார்ட் டிஸ்க்கோடு தந்தால் அதைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போடச் சொல்லுங்கள். அப்பா செய்தித்தாள் படித்து முடிக்கும் பிரச்சினைக்கு அநேகமாக அந்த ஹார்ட் டிஸ்க்தான் காரணம். வாங்கும்போது இரண்டைப் பார்த்துவிடுங்கள். அலுவலகங்களில் கேபிளில் ஓடியவை என்பதால் பலவற்றில் வைஃபை இருக்காது, யூஎஸ்பியில் சொருகும் சின்ன வைஃபை அடாப்டர் தேவைப்படும். பவர் அடாப்டரும் பெட்டிக்கு வெளியே லேப்டாப்புக்கு இருப்பது போலத் தனியாக வரும். கம்பெனி அடாப்டரே கொடுக்கிறார்களா என்று கேளுங்கள்.

புதிதுதான் வேண்டும் என்றால், இன்டெல் என்100 சிப் போட்ட மினி கம்ப்யூட்டர்கள் இந்த வேலைக்குத் தாங்கும், மின்சாரமும் மிகக் குறைவாகவே இழுக்கும். ‘64 ஜிபி இஎம்எம்சி, 4 ஜிபி ரேம்’ என்று அட்டையில் போட்டிருந்தால் மட்டும் தொடாதீர்கள். இஎம்எம்சி என்பது எஸ்எஸ்டியைவிட மெதுவான, மலிவான சேமிப்பிடம். விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்ச அளவே அதுதான். அப்டேட் இறங்கவே இடமில்லாமல் திணறும்.

பழையதின் பிளக்கைப் பிடுங்குவதற்கு முன்பு புக்மார்க், போட்டோ, பாஸ்வேர்டு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பழைய திரையை மொபைலில் ஒரு படம் எடுத்து, புதிதிலும் ஐகான்களை அதே இடத்தில் வையுங்கள். என் அப்பா மூன்று நாள் தேடியது சீட்டாட்டத்தை! அவர்களுடைய அன்றாடக் கணக்கு கம்ப்யூட்டரின் அமைப்புகளை மாற்றும் அட்மின் உரிமை இல்லாத சாதாரணக் கணக்காக இருக்கட்டும். அப்புறம், திரை முழுக்கச் சிவப்பாக ‘வைரஸ், உடனே இந்த எண்ணுக்கு அழையுங்கள்’ என்று வந்தால், அழைக்காமல் பவர் பட்டனை அணையும்வரை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கையில் போன் நம்பர் இருக்காது. இதை ஒரு தாளில் பெரிதாக எழுதி மானிட்டர் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.

கேள்வி: திரையும் பெட்டியும் ஒன்றாக இருக்கும் ஆல்-இன்-ஒன் நல்லதா? ஒயர் தொல்லை இல்லையே.

பதில்: அழகுதான். ஆனால் உள்ளே ஏதாவது போனால் நல்ல திரையும் சேர்ந்து முடங்கும். குட்டி டெஸ்க்டாப்பை மானிட்டரின் முதுகிலேயே திருகி மாட்டத் தாங்கி கிடைக்கிறது. முதுகில் நான்கு திருகு ஓட்டை உள்ள மானிட்டராகப் பாருங்கள். ஒயர் தொல்லை பாதி ஒழியும்.

கேள்வி: அம்மா தமிழில் டைப் செய்ய ஆசைப்படுகிறார். தனிக் கீபோர்டு வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். விண்டோஸ் 11இன் மொழி செட்டிங்கில் தமிழைச் சேர்த்தாலே போதும். ஆங்கில எழுத்து தெரிந்தவர் ஒலிப்பு முறையில், தமிழ்ச் சத்தத்தை ஆங்கில எழுத்தால் எழுதி, அடிக்கலாம். புதிதாகக் கற்பவர் என்றால் தமிழ் 99 என்ற கீபோர்டு அமைப்பைச் சொல்லிக்கொடுங்கள். இடக்கைப் பக்கம் உயிர், வலக்கைப் பக்கம் மெய் என்று அமைந்தது. ‘க’வை இரண்டு முறை தட்டினால் ‘க்க’ என்று புள்ளி தானாக விழும். என் அம்மா முதல் நாள் முழுக்க ‘பக்கம், பக்கம்’ என்றே அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். விசைகளின் மேல் ஒட்டும் தமிழ் ஸ்டிக்கர் கிடைக்கிறது, ஆனால் தமிழ் 99 வரிசையில் உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். நான் பார்க்காமல் வாங்கி, ஒரு மாலை முழுக்க நகத்தால் சுரண்டினேன்.